கடைப்பிடித்தவர்களின் கோபம்

2020 மார்ச் 27ஆம் தேதி, பிரிட்டன் பிரதமரின் தலைமை ஆலோசகராக இருந்த டொமினிக் கம்மிங்ஸ் தன் மனைவியையும் சிறு மகனையும் காரில் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சுமார் 260 மைல் தொலைவிலுள்ள டர்ஹாமுக்குப் போனார். ஊரடங்கு அறிவிக்கப்பட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மனைவிக்கு நோய் அறிகுறி தெரிந்தது, தானும் படுத்துவிட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உறவினர்கள் அருகில் வேண்டும் என்பது அவர் பின்னால் சொன்ன காரணம். ஏப்ரல் 12 அன்று அங்கிருந்து பார்னார்ட் காசில் என்ற ஊருக்கும் காரோட்டிப் போனார். லண்டன் திரும்பும் நீண்ட பயணத்துக்குத் தன் கண்பார்வை தாங்குமா என்று சோதித்துப் பார்க்கவே போனதாக, மே 25 அன்று பிரதமர் இல்லத்து ரோஜாத் தோட்டத்தில் அமர்ந்து செய்தியாளர்களிடம் விளக்கினார். டர்ஹாம் காவல்துறை விசாரித்துவிட்டு, டர்ஹாமுக்கு வந்தது குற்றமல்ல, இரண்டாவது பயணம் வேண்டுமானால் சிறு மீறலாக இருந்திருக்கலாம் என்று சொல்லி நடவடிக்கை எதுவும் எடுக்காமல் விட்டது. சட்டத்தின் தராசில் விஷயம் அவ்வளவு இலேசானது. மக்களின் தராசில் அப்படி இல்லை. தொற்றுக் காலம் முழுவதும் பல்லாயிரம் பேரிடம் தொடர்ந்து கேள்வி கேட்டுவந்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், சுமார் 40,000 பேரின் பதில்களை வைத்து அந்த ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்: செய்தி வெளியான மே 22க்குப் பின் இங்கிலாந்தில் அரசின் மீதான நம்பிக்கை சட்டென்று சரிந்திருந்தது. தங்களுக்கென்று தனி அரசு கொண்ட ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் அப்படியொரு சரிவு தென்படவில்லை.

இந்தக் கோபத்துக்கு இரண்டு விளக்கங்கள் சொல்வதுண்டு. ஒன்று, அந்த மீறலால் நோய் பரவும் ஆபத்து. மற்றது, எனக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைத்ததே என்ற பொறாமை. இரண்டும் போதவில்லை என்று நினைக்கிறேன். ஒரு குடும்பம் ஒரே காரில் போனதால் நாட்டுக்கு நேர்ந்த ஆபத்து மிகச் சொற்பம். அதைவிட நெரிசலான இடங்கள் அன்று சட்டப்படியே திறந்திருந்தன. பொறாமை என்றால், அதே காலத்தில் பெரிய தோட்டமும் பல அறைகளும் கொண்ட வீடுகளில் சொகுசாக அடைபட்டுக் கிடந்த செல்வர்கள் மீதும் அதே அளவு கோபம் எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. ஆகவே கேள்வியை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. விதியைச் செய்தவரே அதை மீறும்போது எது உடைகிறது? விதியா, அவர் மீதிருந்த மதிப்பா, அல்லது இரண்டுக்கும் அப்பால் வேறு ஏதாவதா?

சமய வரலாற்றில் இந்தக் கேள்விக்கு நீண்ட வயது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் கிறிஸ்தவர்களை ஒடுக்கியபோது, வட ஆப்பிரிக்காவில் சில குருமார் அஞ்சி வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். உயிரே போனாலும் விசுவாசத்தை விடாதீர்கள் என்று மக்களுக்குப் போதித்தவர்கள் அவர்கள். ஒடுக்குமுறை ஓய்ந்த பிறகு, அப்படித் தளர்ந்த கைகள் கொடுத்த திருமுழுக்கும் குருப்பட்டமும் செல்லுமா என்ற வழக்கு எழுந்தது. செல்லாது என்றனர் டோனாட்டியர்கள். செல்லும் என்று வாதிட்டு இறுதியில் வென்றவர் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தினார்: அருளடையாளம் கிறிஸ்துவுக்கு உரியது, அதைக் கொடுக்கும் மனிதர் யூதாசாகவே இருந்தாலும் அது கெடுவதில்லை. மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. மோசேயின் இருக்கையில் அமர்ந்திருப்பவர்கள் போதிப்பதைக் கடைப்பிடிக்கும்படி சீடர்களைப் பணிக்கும் இயேசு, அவர்கள் நடப்பதைப் பின்பற்ற வேண்டாம் என்கிறார். விதிக்கு அதைச் சொன்னவரின் நடத்தை சான்று அல்ல.

தொற்றுக்கால விதிகளுக்கும் இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்தும். கிருமிக்குக் கம்மிங்ஸ் யார் என்று தெரியாது. அவர் டர்ஹாம் போனதால் இரண்டு மீட்டர் இடைவெளி பயனற்றதாகிவிடவில்லை. இம்பீரியல் கல்லூரியின் நீல் பெர்குசன், தன் கணிப்புகளால் ஊரடங்கு முடிவுக்குப் பெரிதும் காரணமானவர், வீட்டுக்கு ஒரு தோழியை வரவழைத்தது வெளியானதும் 2020 மே 5 அன்று அரசின் அறிவியல் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். அவருடைய கணக்குகள் அதனால் தவறாகிவிடவுமில்லை, சரியாகிவிடவுமில்லை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். ‘அவர்களே மதிக்கவில்லை, நாம் ஏன் மதிக்க வேண்டும்’ என்று அந்நாள்களில் கேட்டவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களுடைய முடிவு தவறு. விதியின் வலு குறையவில்லை. அப்படியானால் கோபத்துக்கும் நியாயம் இல்லை என்று ஆகிவிடுமா? இங்கேதான் அகுஸ்தினாரின் விடை போதாமல் போகிறது. அது அருளைப் பெற்றவருக்கு ஆறுதல் தருகிறது: உன்னிடம் வந்தது பழுதில்லை. ஊரடங்கில் மக்கள் எதையும் பெறவில்லை. கொடுத்தார்கள்.

கொடுத்தது என்ன என்பதைக் கவனித்தால்தான் கோபத்தின் இலக்கு தெரியும். பெற்றோரின் கடைசி மூச்சின்போது அருகில் இருப்பது, பிள்ளை பெறும் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வது, இறந்தவரைக் கூடி அடக்கம் செய்வது. பின்னால் திரும்பக் கிடைக்காதவை இவை. எந்த அரசும் வரியாக இவற்றைக் கேட்பதில்லை. இவற்றை ஒருவர் விட்டுக்கொடுத்தபோது அந்தச் செயலுக்கு அவர் ஒரு பொருள் கொடுத்துக்கொண்டார்: எல்லோரும் விட்டுக்கொடுக்கிறோம், முகம் தெரியாத யாரோ பிழைப்பதற்காக நானும் விட்டுக்கொடுக்கிறேன். அந்தப் பொருள்தான் அவரைத் தாங்கியது. இனி, அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் 2020 மே 24 அன்று தன் ஆலோசகருக்காக வாதாடிய விதத்தைப் பாருங்கள். எந்தத் தகப்பனுக்கும் உள்ள இயல்பூக்கத்தைத்தான் கம்மிங்ஸ் பின்பற்றினார் என்றார். பாதுகாக்கச் சொன்ன அந்த வாக்கியம் மீறலைவிட ஆழமாகக் குத்தியது. அதே இயல்பூக்கத்தை அடக்கிக்கொண்டு காய்ச்சலோடு வீட்டில் கிடந்த தகப்பன் அப்படியானால் யார்? பாசம் குறைந்தவனா, அல்லது விதியின் சந்துபொந்துகளைத் தேடத் தெரியாத அப்பாவியா? மீறல் நடந்த கணத்திலிருந்து பின்னோக்கிப் போய், ஏற்கெனவே நடந்து முடிந்த தியாகங்களை ஏமாளித்தனமாக மாற்றி எழுதியது அந்த விளக்கம். கோபப்பட்டவர்களில் கணிசமானவர்கள் துக்கத்தில் இருந்தவர்கள் என்பது தற்செயல் அல்ல. அவர்கள் இழந்தது ஒருமுறை. இழப்பின் பொருளும் பறிபோனது இரண்டாம் முறை.

தார்மீக மீறலைப் பற்றி இம்மானுவேல் கான்ட் நுட்பமாக ஒன்றைக் கவனித்திருக்கிறார். தவறு செய்கிற போது நாம் அந்த விதியே ஒழிய வேண்டும் என்று விரும்புவதில்லை. விதி எல்லோருக்கும் நிற்கட்டும், இந்த ஒரு தடவை, எனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்றே விரும்புகிறோம். மற்றவர்கள் கடைப்பிடிப்பதால் கிடைக்கும் பயனில் உட்கார்ந்துகொண்டு எடுக்கும் விலக்கு அது. 2020 மே 20 மாலை அமைச்சர் ஆலிவர் டவுடன் அன்றாடச் செய்தியாளர் சந்திப்பில், வீட்டாரல்லாத ஒரே ஒருவரைத் திறந்தவெளியில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று சந்திக்கலாம் என்று நாட்டுக்கு நினைவூட்டினார். அதே மாலை டவுனிங் தெருவில் பிரதமர் இல்லத்தின் தோட்டத்தில் ஊழியர்களுக்கு ஒரு விருந்து. அழைப்பு பிரதமரின் முதன்மைத் தனிச்செயலரிடமிருந்து மின்னஞ்சலில் போயிருந்தது. மதுவை அவரவரே கொண்டுவரும்படி குறிப்பும் இருந்தது. பின்னாளில் மூத்த அரசு அதிகாரி சூ கிரே அளித்த அறிக்கை இப்படிப் பல கூட்டங்களை வரிசைப்படுத்துகிறது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது: துப்புரவுப் பணியாளர்களும் காவல் பணியாளர்களும் மரியாதைக் குறைவாக நடத்தப்பட்டதற்குப் பல உதாரணங்கள். விலக்கு எடுத்துக்கொள்கிற மனம், விலக்கு இல்லாதவர்களை எப்படிப் பார்க்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

மனித பலவீனம் என்று இதை மன்னிக்கக் கூடாதா? சில வேளைகளில் மன்னிக்கலாம். ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், வீட்டிலேயே இருங்கள் என்று தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி மக்களைக் கேட்டுக்கொண்டவர், இரண்டு வார இறுதிகளில் பைஃப் கடற்கரைப் பகுதியிலுள்ள தன் இரண்டாவது வீட்டுக்குப் போனது தெரிந்ததும் 2020 ஏப்ரல் 5 அன்று விலகினார். பெர்குசனும் விலகினார். இருவரும் தங்கள் செயலுக்குத் தத்துவம் கற்பிக்கவில்லை. தவறு என்று ஒப்புக்கொண்டதன் மூலம் விதியைக் கடைப்பிடித்தவர்களே சரி என்று சாட்சி சொல்லிவிட்டார்கள். மக்களின் கோபமும் அவர்களை நெடுநாள் துரத்தவில்லை. சறுக்கலுக்கும் ஏற்பாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பி, நேரம் குறித்துச் செய்வது பலவீனத்தின் வேலை அல்ல. ‘நீங்கள் மட்டும் ஒரு விதியையும் மீறவில்லையா’ என்று பொதுமக்களைக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். மீறினார்கள், ஏராளமாக. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அபராதங்கள் விதிக்கப்பட்டன. ஆனால் பூங்காவில் நண்பனைச் சந்தித்துப் பிடிபட்டவன், அடுத்த நாள் மேடையேறிப் பிறரைப் பூங்காவுக்குப் போகாதே என்று கட்டளையிடவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஜூடித் ஷ்க்லாரிடமிருந்து வருகிறது. நாஜிகளின் நிழலில் ரீகாவை விட்டுத் தப்பி, பின்னால் ஹார்வர்டில் அரசியல் தத்துவம் கற்பித்த அவர், 1984இல் வெளியிட்ட ஒரு நூலில் சாதாரண மனிதத் தீமைகளை எடைபோட்டு, அவற்றில் கொடூரத்தைத்தான் முதலிடத்தில் வைக்க வேண்டும் என்றார். பாசாங்கை முதலிடத்தில் வைக்கும் சமூகம் கெட்டுவிடும் என்பது அவர் எச்சரிக்கை. எது நல்லது என்பதில் உடன்பட முடியாதவர்களுக்கு, எதிராளியின் சொல்லும் செயலும் முரண்படுவதைக் காட்டுவது எளிதில் கிடைக்கிற ஆயுதம். அதையே வீசிக்கொண்டிருந்தால் அரசியலில் வேறு எதுவும் நடக்காது. இது உண்மை. பல்லாயிரக்கணக்கான முதியவர்கள் பராமரிப்பு இல்லங்களில் இறந்த ஒரு நாட்டில், டவுனிங் தெரு விருந்துகளின் கேக்கையும் மதுவையும் பற்றி மாதக்கணக்கில் பேசியது விகிதம் தப்பிய காரியம் என்று சொல்பவர்கள் இந்த எச்சரிக்கையின் பக்கம்தான் நிற்கிறார்கள். ஆனால் ஷ்க்லாரின் வரிசையையே ஏற்றுக்கொண்டு பார்த்தாலும் என் முடிவு மாறவில்லை. சாகிறவரிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைப்பது தன்னளவில் ஒரு கொடூரம். அதைக் கொடூரம் அல்ல, தேவை என்று ஆக்கியவை இரண்டு: உயிர்காக்க வேறு வழியில்லை என்ற நம்பிக்கையும், ஆள்பவர் உட்பட யாருக்கும் விலக்கில்லை என்ற உறுதியும். தேவையில்லை என்று அறிந்தே ஆள்பவர் மீறினார் என்றால், பிரித்து வைத்தது வெறும் கொடூரமாகிறது. தேவை என்று அறிந்தும் மீறினார் என்றால் பிறர் உயிரை அவர் பொருட்படுத்தவில்லை. எப்படிப் பார்த்தாலும் இது பாசாங்கு என்ற சிறிய பெட்டிக்குள் அடங்கவில்லை. ஊரடங்கே தவறான கொள்கை என்று முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜொனாதன் சம்ப்ஷன் போன்றோர் வெளிப்படையாக வாதிட்டார்கள். அது நேர்மையான நிலைப்பாடு. தோட்டத்தில் கூடியவர்கள் அப்படி நினைத்திருந்தால் மக்களிடம் சொல்லியிருக்கலாம்.

அப்படியானால் விதியைக் கடைப்பிடித்தவர்களுக்குப் பட்ட இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? நார்வேயில் நடந்தது இங்கே யோசிக்கத் தக்கது. பிரதமர் எர்னா சூல்பர்க் 2021 பிப்ரவரியில் தன் 60ஆம் பிறந்தநாளுக்காகக் கெய்லோ என்ற பனிச்சறுக்கு ஊரில் குடும்பத்தைக் கூட்டினார். பத்துப் பேர் வரம்பு, கூடியவர்கள் பதின்மூவர். ஏப்ரலில் காவல்துறை அவருக்கு 20,000 குரோனர் அபராதம் விதித்தது. இப்படிப்பட்ட மீறல்களுக்குப் பெரும்பாலும் அபராதம் விதிப்பதில்லை என்பதைக் காவல்துறைத் தலைவரே ஒப்புக்கொண்டார். விருந்து நடந்த உணவகத்துக்குத் தண்டனை இல்லை, பிரதமரின் கணவருக்கும் இல்லை. விதிகளை முன்னின்று அறிவித்தவர் என்பதால், மக்களின் நம்பிக்கையைக் காக்க இவருக்கு மட்டும் தண்டனை அவசியம் என்பது அவர் தந்த காரணம். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற கோட்பாட்டுக்கு இது முரணாகத் தோன்றும். மனுஸ்மிருதியைப் புகழ எனக்கு விருப்பமில்லை, அது சாதிக்கொரு நீதி வகுத்த நூல். ஆயினும் அதன் எட்டாம் அத்தியாயத்தில், சாமானியனுக்கு ஒரு நாணயம் தண்டமாகும் குற்றத்துக்கு அரசனுக்கு ஆயிரம் என்றிருக்கிறது. நார்வேயின் காவல்துறையும் அந்தப் பழைய நூலும் தம்மை அறியாமல் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: ஆள்பவர் மீறும்போது ஒரு விதியை மட்டும் மீறுவதில்லை. சூல்பர்க் மன்னிப்புக் கேட்டு, தொகையைக் கட்டினார்.

பிரிட்டனில் கணக்கு வேறு விதமாகப் போடப்பட்டது. டவுனிங் தெருவிலும் அரசு அலுவலகங்களிலும் நடந்த கூட்டங்களுக்காக 83 பேருக்கு 126 அபராதங்கள். அமைச்சரவை அறையில் 2020 ஜூன் 19 அன்று நடந்த பிறந்தநாள் கூட்டத்துக்காக ஜான்சனுக்கும் நிதியமைச்சர் ரிஷி சுனக்குக்கும் தலா 50 பவுண்டு, வேறு யாருக்கும் விதிப்பதைப் போல. இளவரசர் பிலிப்பின் அடக்கத்துக்கு முந்தைய இரவில் அங்கு இரண்டு விருந்துகள் நடந்ததற்காக அரண்மனையிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டது. மறுநாள் தேவாலயத்தில் தன்னந்தனியாக அமர்ந்திருந்த அரசிக்கு அது உரியதுதான். பிறகு நாடாளுமன்றத்தின் உரிமைக் குழு, விதிகள் பின்பற்றப்பட்டதாக ஜான்சன் அவையில் சொன்னது பொய் என்று கண்டது. அவர் உறுப்பினராக நீடித்திருந்தால் 90 நாள் இடைநீக்கம் செய்யப் பரிந்துரைத்திருப்போம் என்றது. மீறலுக்கு ஒரு விலை, பொய்க்கு ஒரு விலை. விதியைக் கடைப்பிடித்தவர்களுக்கு இழைத்ததைப் பதிய அந்தக் கணக்கேட்டில் பத்தி ஏதும் இல்லை. குழுவின் அறிக்கையை அவை 354க்கு 7 என்ற வாக்குகளில் ஏற்றது. நாள் 2023 ஜூன் 19, ஜான்சனின் அடுத்தொரு பிறந்தநாள். அன்று பிரதமராக இருந்தவர் சுனக். அவர் வாக்களிக்க வரவில்லை.