களி தந்த கணக்குப்பிள்ளை

மார்கழித் திருவாதிரையன்று நம் வீடுகளில் களி கிண்டி, கூட்டோடு நடராஜருக்கு நைவேத்தியம் செய்கிறோம். 'திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தக் களிக்குப் பின்னால் ஒரு பெரும் சொத்தின் கதை இருக்கிறது, தெரியுமா?

காவிரிப்பூம்பட்டினத்தில் செல்வம் குவித்த வணிகர் குலத்தில் வந்தவர் திருவெண்காடர். ஈசனே மருதவாணர் என்ற பெயரில் அவருக்கு வளர்ப்பு மகனாக வந்து, ஞானத்தைக் கொடுத்துவிட்டு மறைந்தான். அத்தனை சொத்தையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு புறப்பட்டார் திருவெண்காடர். அவர்தான் பட்டினத்தார்.

அந்தச் சொத்து என்ன ஆயிற்று? தம்மிடம் கணக்கு எழுதி வந்த சேந்தனாரிடம் ஒப்படைத்தார். கருவூலத்தைத் திறந்துவிடு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்பது உத்தரவு. சேந்தனாரும் அப்படியே செய்தார். ஊரே வந்து அள்ளிச் சென்றது. சேதி அறிந்த சோழ மன்னன் சினந்து அவரைச் சிறையில் அடைத்தான். பட்டினத்தார் ஈசனை வேண்ட, விடுதலை கிடைத்தது.

வெளியே வந்த சேந்தனார் என்ன செய்தார்? தில்லைக்குப் போய் விறகு வெட்டினார்! அதை விற்ற காசில் தினமும் ஒரு சிவனடியாருக்கு அமுது படைத்த பிறகே தாம் உண்டார். எவ்வளவு பொன்னுக்குக் கணக்கு எழுதிய கை அது! அதில் ஒரு பிடியை ஒதுக்கியிருந்தால் கோடரி தூக்க வேண்டிய அவசியம் உண்டா? அவர் தலையில் சுமந்த விறகுக்கட்டுதான் அவர் நேர்மைக்குச் சாட்சி.

ஒருநாள் அடைமழை. விறகு நனைந்தது, விற்கவில்லை. வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிண்டிக் காத்திருந்தார். அடியார் வடிவில் ஆடலரசனே வந்து உண்டான். மீதியையும் கேட்டு வாங்கிப் போனான். மறுநாள் சந்நிதியைத் திறந்த தீட்சிதர்கள், அங்கே களி சிதறிக் கிடக்கக் கண்டு திகைத்தார்கள். 9-ஆம் திருமுறையில் உள்ள திருப்பல்லாண்டைப் பாடியவர் இந்தச் சேந்தனார்தான்.

மாளிகையில் பிள்ளையாக வளர்ந்த ஈசன் சொல்லாமல் போய்விட்டான். விறகு விற்ற குடிசைக்கோ தானே தேடி வந்தான். உழைத்துச் சமைத்த உணவின் ருசி அப்படி!

தாய்மார்களே, மாமியார் தந்த அட்டிகையோ, பாட்டனார் விட்டுப்போன மனையோ நம்மிடம் இருக்கலாம். அதற்கு நாமும் கணக்குப்பிள்ளைகளே. அடுத்த தலைமுறைக்குப் பத்திரமாகச் சேர்க்க வேண்டியவர்கள். அதைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது இனிக்கும் பேச்சிலும் அதிக வட்டியிலும் மயங்காதீர்கள். தன் உழைப்பில் வாழ்கிறவரா, பைசா வரை கணக்குக் காட்டுகிறவரா என்று பாருங்கள். சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச வேண்டாம். உத்தமர்கள் நாம் கேட்கும் முன்பே கணக்கை நீட்டுவார்கள்.

நம்மை நம்பி அடுத்தவர் கொடுத்து வைத்த பணத்துக்கும் இதே நியாயம்தான்.

வரும் திருவாதிரையில் களி கிண்டும்போது பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களுக்கு நாம் வைத்துவிட்டுப் போகும் சொத்தில் இதுவும் ஒன்றாகட்டும். தில்லைக்கூத்தன் திருவருள் உங்கள் இல்லத்தில் நிறையட்டும்!