ஆழ்வானும் பிரானும்



உத்ஸவ காலத்தில் அர்ச்சனைக்கென ஸந்நிதியில் வந்து நிற்பவரிடம் முதலில் கேட்கப்படுவன பெயர், நக்ஷத்திரம், கோத்திரம் என்ற மூன்றுமாம். முதலிரண்டை எல்லோரும் உரக்கவே சொல்லிவிடுகின்றனர். மூன்றாவதைக் கேட்டவுடன் சிலருடைய குரல் தாழ்ந்துவிடுகிறது. “தெரியாது” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்பவர் முகத்தை ஒரு கணம் பார்த்து, அதன் பின்னரே பெருமாளைப் பார்க்கின்றனர். கேட்பவர் தீங்கு நினைத்துக் கேட்கவில்லை. ஸங்கல்பத்தின் முறை அது. ஆயினும் எம்பெருமான் திருமுன்பே வந்துவிட்ட ஓர் ஆத்மா, அவன் தன்னைக் கடாக்ஷிப்பதை விட்டு, அயலான் தன்னை எப்படி மதிக்கிறான் என்று கூசி நிற்குமாகில், அது சிறிய விஷயமன்று.

தரமணியில் “நீர் யார்?” என்ற கேள்விக்கு வேறொரு விடையும் உண்டு. 1962-ல் தோன்றிய கணித அறிவியல் நிறுவனமும், 1970-ல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இவ்விடத்தில் உள்ளன. 2000-ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், கணிப்பொறித் தொழிலை நாடி எத்தனையோ ஊர்களிலிருந்து இளைஞர்கள் இங்கு வந்து சேர்ந்தனர். கழுத்திலே ஓர் அட்டை தொங்குகிறது. அதில் உள்ள பெயரும் படமும் நிறுவனத்தின் முத்திரையுமே அவர்களுக்கு விடை. கோத்திரத்தைச் சொல்லக் கூசினவனும் இந்த அட்டையைக் காட்டும்போது நிமிர்ந்து நிற்கிறான். அந்த வேலை போய்விட்டாலோ, அட்டையைத் திருப்பிக் கொடுத்த கையோடு தன்னையே கொடுத்துவிட்டவன்போல் கலங்குகிறான்.

பிறந்த குடி, வளர்ந்த தெரு, கற்ற வித்தை, பார்க்கும் உத்யோகம், பிறர் வாயிலிருந்து விழும் சொல் ஆகிய இவையெல்லாம் கூடியே “நான் இன்னான்” என்ற எண்ணத்தை ஒருவனுள் கட்டுகின்றன என்பதை மறுப்பாரில்லை. கட்டப்பட்ட அவ்வெண்ணம் மெய்தானா என்பதே கேள்வி. இதற்கு விடை காணத் தொலைதூரம் போகவேண்டுவதில்லை. தரமணியில் பறக்கும் ரயிலேறித் திருமயிலையில் இறங்கினால் அது பேயாழ்வார் அவதார ஸ்தலம். பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே சென்றால் திருமழிசை. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நடந்த சரிதமே போதுமானது.

தை மகத்தில் திருமழிசையில் அவதரித்தவர் திருமழிசையாழ்வார். பார்க்கவ மஹரிஷிக்குத் திருமகனாய்ப் பிறந்தும், உருவற்ற பிண்டமென்று மூங்கிற்புதரில் விடப்பட்டார் என்று குருபரம்பரை கூறும். ஜகந்நாதப் பெருமாளுடைய கடாக்ஷத்தால் உருப்பெற்று அழுத அக்குழந்தையைக் கண்டெடுத்தவன் பிரம்பறுத்து ஜீவிக்கும் திருவாளன். அவன் மனைவி பங்கயச்செல்வி வளர்த்தாள். ஆகவே பிறப்பினால் ரிஷிபுத்திரர், வளர்ப்பினால் பிரம்புக்காரர் பிள்ளை. இவ்விரண்டில் எது அவர்?

வயது வந்தபின் அவர் ஒவ்வொரு மதமாகப் புகுந்து கற்றார். அப்போது பேயாழ்வார் அவர் கண்ணெதிரே ஒரு தோட்டமிட்டு, செடிகளைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் நீர் சுமந்தார். “நீர் என்ன பித்தரோ?” என்று இவர் கேட்க, யார் பித்தர் என்பது பற்றியே பெரிய வாதம் நடந்தது, முடிவில் அவரையே ஆசாரியராக இவர் அடைந்தார். பார்த்தவர்கள் பேயென்றும் பித்தென்றும் சொன்ன சொல்லையே அவ்வாழ்வார் தமக்குத் திருநாமமாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதையும் இங்கே நினைப்பது நன்று. உலகம் இட்ட பெயர் அவரைச் சுடவில்லை.

ஒருவனுடைய இயல்பு பக்தியினால் அழிந்துபோமோ என்றால், போகாது. இராமன் தனித்து நின்று கரனோடு பொருகிறான் என்று உபந்யாஸத்தில் கேட்டவுடன் சேனையைத் திரட்டினார் குலசேகரர். அது அரச ஸ்வபாவம். திருமழிசையாரோ யாருக்கும் வளையாதவர். தம் சிஷ்யரான கணிகண்ணனைப் பல்லவ அரசன் நாடு கடத்தியபோது, தாமும் புறப்பட்டதோடு நில்லாமல், கச்சியில் பள்ளிகொண்ட பெருமாளையும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னவர். பெருமாளும் எழுந்து பின்சென்றார். யதோக்தகாரி, சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்ற திருநாமம் அதனால் விளைந்தது. பிடிவாதம் கரைந்து போகவில்லை. போய்ச் சேருமிடத்தைப் பெற்றது.

இத்தனை கடுமையுடையவர் பெரும்புலியூரில் நடந்துகொண்ட விதம் வியக்கத்தக்கது. திருக்குடந்தைக்குப் போகும் வழியில் ஒரு திண்ணையில் அமர்ந்தார். உள்ளே வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் இவரைக் கண்டு, இவர் கேட்கத் தகாதவர் என்று எண்ணி ஓதுவதை நிறுத்தினர். இவர் ஒன்றும் சொல்லாமல் திண்ணையை விட்டு இறங்கினார். மறுபடி ஓதப் புகுந்தவர்களுக்கோ விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை. ஆழ்வார் ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். விட்டுப்போன வாக்கியம் கருநெல்லை நகத்தால் பிளப்பதைப் பற்றியதே. அவர்கள் திடுக்கிட்டுத் திருவடிகளில் விழுந்தனர்.

இவ்விடத்தில் ஆழ்வார் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. “யான் பார்க்கவர் மகன்” என்ற ஒரு சொல் போதும், திண்ணையிலேயே ஸிம்ஹாஸனம் கிடைத்திருக்கும். அதைச் சொல்லவில்லை. பின்னர் அருளிச்செய்த திருச்சந்தவிருத்தத்திலும், நான்கு குலங்களில் எதிலும் தாம் பிறக்கவில்லை என்றே ஒரு பாசுரத்தில் தெரிவித்துக்கொள்கிறார். இச்சரிதத்தைச் சொல்லும்போது அவருடைய ரிஷிபிறப்பை மட்டும் அழுத்திச் சொல்லி ஆறுதலடைபவர்கள் உண்டு. ஆழ்வார் வேண்டாமென்று விட்டதை அவர்கள் பொறுக்கியெடுத்து அவருக்குச் சாத்துகிறார்கள்.

அப்படியாயின் “நான்” என்பதே பொய்யோ? எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் அங்ஙனம் ஸாதிக்கவில்லை. “நான்” என்ற சொல்லுக்குப் பொருளாயிருப்பதே ஆத்மா. மோக்ஷத்தில் அதுவும் அழியுமென்றால், மோக்ஷமென்ற பேச்சு எழும்போதே கேட்பவன் எழுந்து போய்விடுவானன்றோ என்று நகை தோன்றவே அருளிச்செய்கிறார். கழிக்க வேண்டியது அஹங்காரம். அச்சொல்லுக்கு அவர் காட்டும் வ்யாகரண வழி அழகியது. முன்பு ஒன்றாக இல்லாததை அதுவாக ஆக்குதல் என்ற பொருளில் வரும் ‘ச்வி’ ப்ரத்யயத்தைக் கொண்டு, நானல்லாத தேஹத்தை நானாக ஆக்கிக்கொள்வதே அஹங்காரம் என்கிறார். தேஹத்திற்குச் சொன்னது தேஹத்தைப் பற்றி வந்த குலத்திற்கும், உத்யோகத்திற்கும், கழுத்திலுள்ள அட்டைக்கும் பொருந்தும். அட்டையை அணிவதில் பிழையில்லை. வாயிற்காவலன் கேட்கத்தான் செய்வான்.

அவ்வாத்மாவுக்கு நிலைத்த அடையாளம், எம்பெருமானுக்குச் சேஷமாயிருக்கை. “அடியேன்” என்ற சொல் இதையே குறிக்கும். அதையும் குனிந்து சொல்லிவிட்டு, அடுத்து நிற்பவனைப் பெயர் கேட்டு எடைபோடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்புலியூர்த் திண்ணை அந்த ஊரோடு முடிந்துவிடவில்லை.

ஆழ்வார் அங்கிருந்து திருக்குடந்தை சேர்ந்து, சயனித்திருந்த ஆராவமுதனை எழுந்திருந்து பேசும்படி வேண்டினார். அவனும் எழத் தொடங்கினான். ஆழ்வார் அந்நிலையிலேயே போதுமென்று மங்களாசாஸனம் செய்ய, இன்றளவும் சற்றே எழுந்த உத்தான சயனத்தில் ஸேவை ஸாதிக்கிறான். பிரான் என்பது எம்பெருமானுக்கு உரிய சொல். ஆழ்வான் என்பது அடியாருக்கு உரியது. அன்று தொடங்கி அடியவர் திருமழிசைப்பிரான் ஆனார். பெருமாள் ஆராவமுதாழ்வான் ஆனான்.