நாம் வைக்கும் இலக்கும் இறைவன் வைத்த அளவும்



எம்பெருமான் திருவருளால் மலரும் இச்சிறப்பு மலருக்கு நானும் ஏதாவது எழுத வேண்டுமெனப் பரிபாலன சபையினர் பணித்தார்கள். நான் சமயப் பேச்சாளன் அல்லன். முப்பத்து மூன்று வருடம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து வரவையும் செலவையும் கூட்டிக் கழித்தவன். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகின்றேன்.

இன்று எமது பிள்ளைகள் கடன் எடுத்துப் படகு, வலை, கடை, முச்சக்கர வண்டி என்று தொழில் தொடங்குகின்றார்கள். 2007 இல் முள்ளிக்குளத்தை விட்டு எழும்பி, வெறுங்கையோடு அயலூர்களில் இருந்த சனங்களுக்குப் பொருள் தேடாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. எமது சமயமும் அப்படிச் சொல்லவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என நான்கு பேறுகளை வைத்து, அவற்றில் பொருளையும் ஒன்றாக வைத்தது. நான்கில் ஒன்று, அவ்வளவுதான்.

இந்த ஒன்றை மாத்திரம் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு எமது கரையிலேயே சாட்சி இருக்கின்றது. மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த காலம். 1905 ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகளை எடுத்தார்கள். குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிகுதி அரசாங்கத்துக்கு. அந்த வருமானத்தைக் கண்டதும் 1906 இல் இலண்டன் கொம்பனி ஒன்று இருபது வருடக் குத்தகைக்கு முத்துப் பார்களை எடுத்தது. 1907 க்குப் பிறகு குளிக்கச் சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடிய முன்னரே கொம்பனி மூடுண்டது. நீரோட்டமும் திருக்கை மீனும்கூடச் சிப்பியை அழிப்பதுண்டு; எல்லாம் மனிதன் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருட இலக்கைக் கடதாசியில் எழுதியவர்கள், கடலில் எவ்வளவை விட்டு வைப்பது என்று அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

இதே மன்னார் மண்ணில் வேறொரு இலக்கும் வைக்கப்பட்டது. போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்ட திருக்கேதீச்சரத்தை மீட்க வேண்டுமென நாவலர் பெருமான் 1872 இல் சைவ மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். 1879 இல் அவர் சிவபதம் அடைந்தார். ஆலயக் காணி சைவர் கைக்கு வந்தது 1893 இல். தாம் காணப்போகாத பலனுக்காகவும் ஒருவர் இலக்கு வைக்கலாம் என்பதை நான் அங்கு போகும்போதெல்லாம் நினைப்பேன். பொருள் தந்தவர்கள் தொழில் செய்தவர்கள்தானே. கொழும்புச் செட்டியார் தெருவில் வியாபாரம் செய்த நகரத்தார் தமது கணக்கிலேயே தருமத்துக்கு 'மகமை' என்று ஒரு பங்கு ஒதுக்கினார்கள். மீந்தால் கொடுப்பது என்பது வேறு, மகமை வேறு.

என் கணக்கில் அப்படி ஒரு பக்கம் இருக்கவில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் பதவி உயர்வு ஒன்றே என் இலக்கு. சிவராத்திரிக்குப் பாலாவியில் தீர்த்தமாடக் கூட்டிக்கொண்டு போ என்று என் ஐயா மூன்று வருடம் கேட்டார். "சோதனை முடியட்டும் ஐயா" என்றேன். சோதனையில் சித்தியடைந்தேன். அடுத்த மாசி மாதத்தை அவர் காணவில்லை. அந்தச் சம்பள உயர்வு எவ்வளவு என்று இப்போது ஞாபகம் இல்லை.

போன மாதம் எங்கள் பகுதிப் பெடியன் ஒருவன் புதுக் கொப்பியுடன் வந்தான். படகுக் கடன் கட்டி முடிக்க மாதம் எவ்வளவு உழைக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேலே மகமைக்கு ஒரு வரி கீறினேன். பக்கத்தில், கடலுக்குப் போகாத நாள் என்று இன்னொரு கட்டம். "இது என்னத்துக்கு மாமா?" என்றான். எங்கள் கத்தோலிக்கச் சகோதரர்கள் ஞாயிற்றுக்கிழமை வலை போடுவதில்லை, அவர்கள் கெட்டா போனார்கள் என்று கேட்டேன். சிரித்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் 'வெள்ளி' என்று தானே எழுதினான். இப்போது வெள்ளிக்கிழமை அந்திப் பூசைக்கு அம்மாவையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு வருகின்றான். கடனில் இரண்டு தவணை கட்டியாயிற்று என்றும் சொன்னான்.