வரிசையில் நின்றோர்

2021 செப்டெம்பர் 17ஆம் திகதி, தனிமைப்படுத்தல் ஊரடங்கு நீங்குமுன்னரே மதுக்கடைகள் திறக்கப்பட்டன. நாடெங்கும் நீண்ட வரிசைகள் நின்றன. பாடசாலைகளோ பூட்டிக் கிடந்தன. சிறிய ஆரம்பப் பாடசாலைகளேனும் திறக்க ஒக்டோபர் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்களாகிய நாம் கொதித்தோம். வெள்ளவத்தை மாடி வீடுகளிலிருந்து அவ்வரிசைகளின் படங்களைக் கண்டு நகைக்கவும் செய்தோம்.

கொதிப்பு நியாயமே. நகைப்பு?

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒற்றை அறையில் குடும்பத்தோடு ஒடுங்கியிருப்பவனுக்குத் தவறணை வெறும் சாராயக் கடையன்று. நாளெல்லாம் மூட்டை சுமந்தவன் முதலாளியை வாய்விட்டு ஏசுவதற்கும், கடன் பட்ட கதையைச் சொல்லுவதற்கும் வேறு கூடம் எங்கே இருக்கிறது? தேநீர்க் கடையில் இலக்கியம் பேசிய மாலைகளுக்கு நாமும் அந்நாட்களில் ஏங்கினோமன்றோ! நமது ஏக்கம் பண்பாடு, அவனது ஏக்கம் போதை என்று வகுத்தவர் யார்?

குடியால் அழிந்த குடும்பங்களை நாம் அறியாதவரல்லர். 1912இல் புதிய மதுவரி ஏற்பாடுகளை எதிர்த்து இந்நாட்டில் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்ததும், அந்நிய அரசின் திறைசேரி குடியால் நிரம்பியதைக் கண்டுதான். 2021இல் திறந்ததும் திறைசேரியின் வாயிலே. போத்தலை வாங்கிச் செல்லலாம்; கூடி அமரலாகாது. தோழமை வெளியே நின்றது, போத்தல் மட்டும் அந்த ஒற்றை அறைக்குள் நுழைந்தது. அங்கே அவன் மனைவி இருந்தாள். பாடசாலையில்லாப் பிள்ளைகளும் இருந்தனர்.

அப்பிள்ளைகள் பின்னர் நமது வகுப்புக்குத் திரும்பி வந்தனர். மதுவின் தீமை பற்றிக் கட்டுரை எழுதுமாறு நாம் அவர்களைப் பணித்தோம்.