பூச்சி மாத்திரையும் கொல்லாமையும்

குடலில் வாழும் புழுவும் தோலில் படரும் பூஞ்சையும் உயிர்கள். மருந்து கொடுத்து அவற்றை அழிப்பது கொலையாகுமா என்ற கேள்வி, கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட சமயங்களுக்கு வெறும் வாதப்பொருள் அல்ல. சமணத் துறவியும் பௌத்தத் துறவியும் தண்ணீரை வடிகட்டிக் குடித்தார்கள். மிகச் சிறிய உயிரையும் கணக்கில் சேர்த்தார்கள். அந்தக் கணக்கில் பூச்சி மாத்திரை எங்கே நிற்கிறது என்று அறிய, சமயநூல்களோடு மருந்தியலையும் பார்த்தாக வேண்டும்.

சமணம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகைப்படுத்துகிறது. புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்று ஒவ்வொரு புலனாகக் கூடிக்கொண்டே போகும் வரிசை தத்துவார்த்த சூத்திரத்தில் உள்ளது. புழுவுக்குத் தொடுவுணர்வும் சுவையுணர்வும் ஆக இரண்டு. தொல்காப்பிய மரபியலும் இதை ஒத்த அடுக்கைத் தருகிறது. அங்கே புல்லும் மரமும் ஓரறிவுயிர், நத்தை முதலியன ஈரறிவுயிர். பூஞ்சையைச் சமண மரபு ஓரறிவுத் தாவரங்களோடு சேர்க்கிறது. ஆனால் அது ஒரே உடலில் எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கும் வகை என்பதால், பூசணம் பிடித்த உணவை நோன்புள்ள சமணர் தொடுவதில்லை.

இல்லறத்தாருக்கான அணுவிரதம், இடம்பெயர்ந்து வாழும் உயிர்களை, அதாவது ஈரறிவும் அதற்கு மேலும் உள்ளவற்றை, வேண்டுமென்றே கொல்லக் கூடாது என்கிறது. ஓரறிவுயிர்களிடம் தேவைக்கு மீறாமல் நடந்துகொண்டால் போதும். இதன்படி படர்தாமரைக்குக் களிம்பு பூசச் சாவகருக்கு, அதாவது இல்லறச் சமணருக்கு, பெரிய தடை இல்லை. கீரிப்பூச்சிக்கு மாத்திரை விழுங்குவதில்தான் சிக்கல்.

இங்கே மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பது அறக்கேள்விக்கு நேராகத் தொடர்புடையதாகிறது. அல்பெண்டசோல், புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அதனால் செல்லின் நுண்குழல்கள் உருவாவது தடைபடுகிறது. புழு குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் சில நாட்களில் பட்டினியால் சாகிறது. ஐவர்மெக்டின் புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள குளோரைடு வாயில்களைத் திறந்தே வைத்து அதை முடக்குகிறது. பைரன்டெல் புழுவை நேரடியாகக் கொல்வதில்லை. அதன் தசைகளை இறுக்கி விறைக்க வைக்கிறது. பிடி தளர்ந்த புழு மலத்தோடு வெளியேறுகிறது. பூஞ்சை மருந்துகளிலும் இந்த வேறுபாடு உண்டு. ஆம்ஃபோடெரிசின் பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டெராலைப் பற்றி, சவ்வை ஒழுக விட்டுக் கொல்கிறது. ஃப்ளுகோனசோல் அதே எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கிறது; கேண்டிடா பூஞ்சையை அது பெரும்பாலும் வளரவிடாமல் நிறுத்துகிறதே தவிரக் கொல்வதில்லை, மிச்ச வேலையை உடலின் எதிர்ப்பாற்றல் செய்கிறது.

அப்படியானால் கொல்லாமல் வெளியேற்றும் மருந்தைத் தேர்ந்தால் விரதம் காக்கப்படுமா? கேட்க இதமான வாதம், ஆனால் நிற்காது. வளர்ந்த உருண்டைப்புழுவால் மனிதக் குடலுக்கு வெளியே வாழ முடியாது. அதை அறிந்து மாத்திரை விழுங்குபவர், சாவு உள்ளே நேரவில்லை என்பதைக் காட்டித் தப்ப முடியாது. தேரவாத பௌத்தம் கொலைக்கு ஐந்து உறுப்புகளைச் சொல்கிறது: உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேரும் சாவு. புழு இருப்பது தெரிந்து மருந்து உண்பவரிடம் மூன்றாவதைத் தவிர மற்றவை தெளிவாகவே உள்ளன. அந்த மூன்றாவதிலும், நோய் தீர வேண்டும் என்ற விருப்பத்தைப் புழு ஒழிய வேண்டும் என்ற விருப்பத்திலிருந்து பிரிப்பது கடினம்.

உறுதியான பதில் சமணத்தின் உள்ளேயே இருக்கிறது. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வெறும் உயிரிழப்பாக வரையறுப்பதில்லை. விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிரைப் பிரிப்பதே ஹிம்சை என்கிறது. புருஷார்த்த சித்தியுபாயம் என்ற நூலில் சமண ஆசிரியர் அமிர்தசந்திரர் இதை இன்னும் கூர்மையாக்கி, ஹிம்சையின் வேரை ஆசை, சினம் முதலிய உள்ளத்து அழுக்குகளில் காண்கிறார். பின்வந்த மரபு இல்லறத்தாரின் ஹிம்சையை நான்காகப் பிரித்தது. திட்டமிட்டுச் செய்வது முற்றிலும் விலக்கு. வீட்டுவேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது ஆகிய இரண்டையும் குறைத்துக்கொள்ள வேண்டும். தாக்க வந்ததை எதிர்ப்பதில் நேர்வது விரோதி ஹிம்சை. இது வேறு வழியில்லாதபோது பொறுத்துக்கொள்ளப்படுகிறது.

குடற்புழு இந்த நான்காம் வகையில் தயக்கமின்றி அடங்கும். கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கிறது. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இரத்தச்சோகையால் வாடுகிறார்கள். தன் உடலில் உள்ள புழுவைப் பொறுத்துக்கொள்ளத் துறவி ஒருவர் முடிவு செய்யலாம். அந்தப் பொறுமையைக் குழந்தையின் மீது சுமத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

எதிர்ப்பது சரி என்றான பிறகு, எவ்வளவு எதிர்க்கலாம் என்ற கேள்வி எழுகிறது. இந்த இடத்தில் மருந்தியல் அறத்துக்குத் துணை நிற்கிறது. நல்ல மருந்து, நோயுயிரிடம் உள்ளதும் மனிதரிடம் இல்லாததுமான ஒன்றைக் குறிவைக்கிறது. ஐவர்மெக்டின் தாக்கும் குளோரைடு வாயில்கள் மனிதரிடம் இல்லை. நம் செல்சவ்வில் எர்கோஸ்டெராலுக்குப் பதில் கொலஸ்ட்ரால் உண்டு. பூஞ்சை உறவில் தாவரத்தைவிட விலங்குக்கு நெருக்கம் என்பது இன்றைய உயிரியலின் முடிவு. அந்த நெருக்கத்தால்தான் பூஞ்சையை மட்டும் தாக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது. ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆபத்து இன்றும் உண்டு.

விழிப்பின்மையே ஹிம்சை என்றால், உண்மையான குற்றம் மருந்தின் கவனமற்ற பயன்பாட்டில் இருக்கிறது. கால்நடைக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் சாணத்தோடு வெளியேறி, யாருக்கும் பகையில்லாத சாணவண்டுகளின் இளம்புழுக்களை அழிக்கிறது. இந்தியாவில் ஸ்டீராய்டு கலந்த பூஞ்சைக் களிம்புகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் வழக்கம் படர்தாமரையை அடங்காத நோயாக மாற்றியிருக்கிறது. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு மசியாத டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை இங்கே பரவலாகிவிட்டது. அரிப்பு அடங்கினால் போதும் என்று பூசிய களிம்பு, பூஞ்சையையும் ஒழிக்காமல் நோயாளியின் தோலையும் மெலியச் செய்கிறது. புழு சாவதைவிட இதுவே பெரிய அறப்பிழை.

2015 முதல் இந்தியாவில் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளோருக்கு அல்பெண்டசோல் கொடுக்கப்படுகிறது. பெரிய பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம்; இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அதில் பாதி. யாருக்குப் புழு உண்டு என்று சோதித்துப் பார்ப்பதில்லை. புழு இல்லாத குழந்தையும் விழுங்குகிறது. மருந்து பாதுகாப்பானது, சோதனைச் செலவு அதிகம் என்பதால் இது ஏற்கத்தக்கதே. ஆனால் கொல்லாமையின் கண்ணோட்டத்தில் இதைவிட உயர்ந்த வழி ஒன்று உண்டு. கொக்கிப்புழுவின் இளம்புழு, மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. கழிப்பறையும் செருப்பும் இருந்தால் அது உடலுக்குள் வராது. வராததைக் கொல்லவும் வேண்டியதில்லை. மாத்திரையால் மண்ணில் கிடக்கும் முட்டைகளை ஒன்றும் செய்ய முடியாது. சுகாதாரம் மாறாத ஊர்களில் சில மாதங்களிலேயே புழு மறுபடி தொற்றிவிடுகிறது. தொற்று மிகுந்த இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை மாத்திரை கொடுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.