நாபோத்தின் மறுப்பு

அண்மையில் ஒரு ஞாயிறு திருப்பலியில் பாலஸ்தீன மக்களுக்காக மன்றாடினோம். அம்மக்கள் ஆறுதல் பெற வேண்டும் என்பதே நாம் எழுதித் தந்த மன்றாட்டு. திருப்பலி முடிந்ததும், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். “சாமி, அந்த ஜனங்களுக்கு வேற எங்கயாவது நல்ல இடமாப் பார்த்து வீடு கட்டிக் கொடுத்துட்டா, சண்டை ஓய்ஞ்சிடுமே?” என்றார். அக்கேள்வியில் வஞ்சகம் இல்லை, இரக்கமே இருந்தது. நாம் பதில் தேடுவதற்குள், அருகில் நின்ற மீனவப் பெரியவர் ஒருவர் பேசினார்: “சுனாமிக்கு அப்புறம் எங்களையும்தான் உள்ள தள்ளிப் போகச் சொன்னாங்க. வீடு நல்ல வீடுதான். ஆனா, கரையில படுத்தாத்தானே சாமி காத்து திரும்புறது தெரியும்?”

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி வந்ததைக் கண்ட முதுநகர்வாசிகளுக்கு அச்சொல்லின் பொருள் விளங்கும். அன்று மக்களைக் கரையைவிட்டு நகரச் சொன்னதற்குக் காரணம் கடல். துப்பாக்கி ஏந்தியவன் நகரச் சொன்னால்? நல்ல மாற்றிடம் தருவதாகச் சொன்னால், அந்த அகற்றுதல் நியாயமாகிவிடுமா?

விவிலியம் இக்கேள்வியை முன்பே சந்தித்திருக்கிறது. ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பியபோது, அதைச் சும்மா கேட்கவில்லை. அதைவிடச் சிறந்த தோட்டம் தருவதாகவும், விரும்பினால் விலை தருவதாகவும் சொன்னான். கணக்குப் பார்த்தால் நாபோத்துக்கு ஆதாயமே. ஆயினும் அவர் மறுத்தார். மூதாதையர் விட்டுச்சென்ற உரிமைச்சொத்து அவருக்கு விலைபொருள் அன்று. அந்த மறுப்புக்காகவே பொய்க்குற்றம் சாட்டிக் கல்லால் எறிந்து அவரைக் கொன்றனர். ஏற்கவோ மறுக்கவோ ஒருவருக்கு உரிமை இல்லாதபோது, அவருக்கு நீட்டப்படுவது கொடையன்று, அது கட்டளையே.

நாபோத்தின் கதை நமக்கு அண்டையிலேயே நிகழ்ந்தது. ஈழத்தின் கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிக்கு அப்பால் கடலில் உள்ளது இரணைதீவு. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த கத்தோலிக்க மீனவ மக்கள் 1992-இல் இடம்பெயர்ந்து, முழங்காவிலை அடுத்த இரணைமாதா நகரில் தங்கினர். 2009-இல் போர் முடிந்தது. தீவிலோ கடற்படை இருந்தது. திரும்பி வாழ மக்களுக்கு அனுமதி இல்லை. 2017 மே முதல் நாள் அவர்கள் அறப்போராட்டம் தொடங்கினர். ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தபின், 2018 ஏப்ரல் 23-இல் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாமே தீவில் போய் இறங்கினர். கல்லெறியவில்லை; எவரையும் வையவில்லை. “இது எங்கள் வீடு” என்பதையே அச்செயலால் உரைத்தனர். அரசு பின்னரே இணங்கியது.

சட்டத்தின் பார்வையில் இரணைதீவும் பாலஸ்தீனமும் ஒன்றல்ல. அங்கே மக்களைத் தடுத்தது அவர்களது நாட்டின் படை. மேற்குக் கரையிலும் கிழக்கு எருசலேமிலும் காசாவிலும் 1967 ஜூன் முதல் நிலவுவது வேற்றுப் படையின் ஆதிக்கம். பெத்லகேமிலிருந்து எருசலேம் ஏறத்தாழ 10 கிலோமீட்டரே. ஆயினும், பெத்லகேமில் வாழும் பாலஸ்தீனர் திருக்கல்லறைக் கோவிலில் செபிக்கச் செல்லவும் அப்படையினரின் அனுமதிச்சீட்டு வேண்டும். ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தின் மக்களை வலிந்து அகற்றுவதையும், அங்கே ஆக்கிரமித்தவர் தம் குடிகளைக் குடியேற்றுவதையும் 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை தடுக்கிறது. இஸ்ரேல் அங்கே தொடர்ந்து நிலைகொண்டிருப்பது சட்டத்துக்கு மாறானது என 2024 ஜூலை 19-இல் அனைத்துலக நீதிமன்றம் கருத்துரைத்தது.

“தன் குடிகளைக் காக்க ஓர் அரசுக்கு உரிமை இல்லையா?” என்று கேட்கலாம். உண்டு. 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் இயக்கத்தினர் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றதும், பலரைப் பிணையாகக் கொண்டுசென்றதும் பெரும் பாவம். அதை மழுப்புவோர் நீதி பேசத் தகுதியற்றவர். ஆனால், குற்றவாளியைத் தண்டிக்கும் உரிமை, குற்றமற்ற அண்டைவீட்டாரின் வீட்டைப் பறிக்கும் உரிமை ஆகாது.

இதே அளவுகோல் நமக்கும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் ஈழத்தின் வடபகுதியிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் வெளியேறக் கொடுத்த அவகாசம் சில மணி நேரமே. அன்று தமிழர்களாகிய நம்முள் எத்தனை பேர் அதைக் கண்டித்தோம்? நம்மவர்க்கு மட்டும் கேட்பது சலுகை. பகைவருக்கும் சேர்த்துக் கேட்பதே உரிமை. மனிதரின் உரிமைகள் அவரது மாண்பிலிருந்தே பிறக்கின்றன என்று 1963-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் தம் ‘அவனியில் அமைதி’ சுற்றுமடலில் போதித்தார். அரசு கொடுக்காததை அரசு எடுத்துக்கொள்ள முடியாது.

மண் கடவுளுக்குரியது; மாந்தர் அதில் குடியிருப்போரே என்கிறது லேவியர் நூல். ஆதலால் கடவுளின் பெயரைச் சொல்லி அயலாரைத் துரத்த எவருக்கும் பட்டா இல்லை. உங்களிடையே வாழும் அந்நியரை உங்களுள் ஒருவராக நேசியுங்கள் என்பதும் அதே நூலின் கட்டளைதான்.

நாம் எழுதிய மன்றாட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். ‘ஆறுதல்’ என்ற சொல் நமக்கு எளிதாக வந்திருந்தது. ஏனெனில், அது எவரிடமும் கணக்குக் கேட்பதில்லை. நம் கூட்டத்தில் எவர் முகத்தையும் சுளிக்கவைப்பதும் இல்லை. மறு ஞாயிறு அதைத் திருத்தினோம்: “பாலஸ்தீன மக்கள் அச்சமின்றித் தம் வீடு திரும்பவும், இஸ்ரேல் மக்கள் அச்சமின்றித் தம் வீட்டில் உறங்கவும்.” மீனவப் பெரியவர் சற்று உரக்கவே பதிலுரைத்தார். ஓய்வுபெற்ற அன்பர் தலைகுனிந்து, பின்னர் தாமும் பதிலுரைத்தார்.