ஒட்டுப்போட்டால் நிற்காது



இன்று நாம் கேட்ட மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் நோன்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஆண்டவர் இரண்டு காரியங்களைச் சொல்கிறார். பழைய துணியின் கிழிசலில் கோடித் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும். புது மதுவைப் பழைய தோற்பையில் ஊற்றினால் பை வெடிக்கும். மதுவும் வீணாகும், பையும் வீணாகும். நாம் தோற்பையைப் பார்த்ததில்லை. ஆனால் உள்ளே அழுத்தம் மிஞ்சினால் வெடித்துவிடும் வேறொரு பொருளை, துப்பாக்கியை, இந்தக் கொல்லிமலையில் நன்றாகவே அறிவோம். காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் மரவள்ளிக் காட்டைக் கிளறிப் போட்டுவிடும். அதை விரட்டத்தான் என்று சொல்லிப் பரணில் நாட்டுத் துப்பாக்கியை ஒளித்து வைப்பதும், உரிமம் இல்லாததை ஒப்படைத்துவிடுங்கள் என்று காவல்துறை வந்து சொல்வதும் நமக்குப் புதிதல்ல. அதனால் இன்று வெடித்த துப்பாக்கிக் குழலை வைத்தே ஆண்டவரின் வார்த்தையைச் சிந்திப்போம்.

குழல் ஏன் வெடிக்கிறது? பெரும்பாலும் வழியடைப்பால். மழையில் புகுந்த சேறு, முந்தின வெடியில் உள்ளே தங்கிப்போன தக்கை, சும்மா கிடந்தபோது குளவி கட்டிய கூடு. இப்படிச் சின்னதாக ஏதோ ஒன்று வழியில் நிற்கும். பின்னாலிருந்து வரும் வேகத்துக்குப் போக இடமில்லாமல் இரும்பு கிழிகிறது. 12 போர் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மிகவும் அஞ்சும் விபத்து ஒன்று உண்டு. 12 போர் தோட்டாவைவிடச் சிறிய 20 போர் தோட்டாவைத் தவறிப் போட்டுவிட்டால், அது வழுக்கி உள்ளே போய்க் கொஞ்ச தூரத்தில் சிக்கிக்கொள்ளும். பார்ப்பவருக்குக் குழல் காலியாக இருப்பது போலவே தோன்றும். சரியான தோட்டாவை அதற்குப் பின்னால் போட்டு விசையை அழுத்தினால், தாங்கிப் பிடித்திருக்கும் இடது கைக்கு நேராகக் குழல் பிளக்கும். இதைத் தடுக்கத்தான் 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறில் விழுந்த ஒரு சொல், கல்யாணத்தில் செய்யாத மரியாதை, திருப்பித் தராத கடன். மறந்தாயிற்று என்று நினைக்கிறோம். உள்ளே சிக்கிக்கொண்டே இருக்கிறது. பிறகு ஒருநாள் ஒன்றுமில்லாத பேச்சுக்கு வீடே வெடிக்கிறது. பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதியது இதற்காகத்தான். அன்றன்றைக்குக் குழலைத் துடைத்துவிட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது இன்றைய நற்செய்திக்கு இன்னும் நெருக்கமானது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் டமாஸ்கஸ் குழல் என்று ஒரு வகை. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவார்கள். மேலே கொடி ஓடியது போல அழகான வரிகள் தெரியும். அது கருமருந்துக்கென்று செய்த குழல். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்து வந்தது. அதன் அழுத்தம் வேறு மாதிரி. தாத்தா காலத்துத் துப்பாக்கி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது என்று அதில் புதுத் தோட்டாவைப் போட்டு வெடித்துக் கை இழந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. புது மருந்து கெட்டதா? இல்லை. பழைய குழல் கெட்டதா? அதுவும் இல்லை. ஆண்டவர் தருகிற புது வாழ்வை, பழைய பழக்கம் எதையும் மாற்றாமல் அப்படியே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறோமே, அங்கேதான் சிக்கல். தவக்காலத்தில் நாற்பது நாள் குடியை நிறுத்திவிட்டு, பாஸ்கா முடிந்த மறுநாளே பழைய கூட்டாளிகளோடு பழைய இடத்தில் உட்காருகிறவருக்கு என்ன ஆகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

குழல் திடீரென்று வெடிப்பதாக நினைக்கிறோம். பல நேரங்களில் முதலில் வீங்குகிறது. வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து உள்ளே நோக்கினால் வீங்கிய இடம் கறுப்பு வளையமாகத் தெரியும். வெளியே விரலால் வருடினால் மேடு தட்டும். விரலுக்கு உணர்ச்சி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மலையில் பிறந்த ஒருவர் அந்த உணர்ச்சியின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னார். டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் இங்கே உழைத்து 1929-ல் காய்ச்சலில் இறந்தார். தாய் ஈவ்லின் 95 வயதில் 1974-ல் இறக்கும்வரை மலைமக்களுக்காக உழைத்தார். அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர்; ஆனாலும் இந்த மண் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார் பால் பிராண்ட். நோய் விரல்களைத் தின்பதில்லை, வலி தெரியாத கை சுட்டாலும் வெட்டினாலும் விலகாததால்தான் விரல்கள் குறைகின்றன என்று அவரும் அவருடைய தோழர்களும் காட்டினார்கள். வலி கடவுளின் கொடை என்பது அவர் வாழ்நாளெல்லாம் சொன்ன செய்தி. மனச்சான்று உறுத்துவதும் அப்படிப்பட்ட கொடைதான். மனைவி அழுவது உறைக்கவில்லை, பிள்ளை பயந்து ஒதுங்குவது கண்ணில் படவில்லை என்றால், அந்த இடம் மரத்துப்போய்விட்டது என்று பொருள்.

சரி, வெடித்தாயிற்று. இனி என்ன செய்வது? வெல்டிங் பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்துவிடலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. கிழிந்த வாயை மூடலாம். அதைச் சுற்றியுள்ள இரும்பு இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத கீறல்களோடு நிற்கும். பற்றவைக்கும் சூடு அதை இன்னும் கெடுக்கும். பக்கத்துக் குழலைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஈயப்பற்றும் இளகிவிடும். தேர்ந்த கைவினைஞர் வேறு வழி வைத்திருக்கிறார். வெடித்தது ஒரு குழல்தான் என்றாலும் இரண்டையும், தோட்டா போடும் அடிப்பாகத்திலிருந்து சில அங்குலம் விட்டு, அறுத்து எடுத்துவிடுகிறார். நல்ல இரும்பாக நிற்கும் பழைய அடிப்பாகத்துக்குள் புதிய குழல்களைப் பொருத்துகிறார். கணவன் செய்த தவறுக்குக் கணவன் மட்டும் மாறினால் போதாது, குடும்பமே சேர்ந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது! கடவுளும் நம்மைக் கடாசிவிடுவதில்லை. நம் பெயர், நம் திருமுழுக்கு என்னும் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு, கெட்டதை மட்டும் அறுக்கிறார்.

அதோடு வேலை முடிவதில்லை. இங்கிலாந்தில் அப்படிச் சரிசெய்த துப்பாக்கி லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலைக்குப் போக வேண்டும். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவை அங்கே வெடித்துப் பார்ப்பார்கள். உடைவதானால் அங்கேயே உடையட்டும், மனிதன் கையில் உடைய வேண்டாம் என்பது ஏற்பாடு. தாங்கினால் முத்திரை. கூடவே, இந்தக் குழல் மாற்றிப் பொருத்தப்பட்டது என்ற எழுத்தையும் அதன் மேல் பொறித்துவிடுவார்கள். மறைத்து விற்க வழியில்லை. உயிர்த்த ஆண்டவர் தோமாவிடம் தம் காயங்களை மறைக்கவில்லை. சக்கேயு தாம் எவரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எல்லோர் முன்னும் சொன்னார். மனம் திரும்பியவர் பழசை மூடி மறைப்பதில்லை. சோதனை வரும்போது நின்று காட்டுகிறார்.

அன்பானவர்களே, இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். மனத்துக்குள் சிக்கிக்கிடக்கும் பகை எது என்று பார்த்து, அந்த மனிதரின் வீட்டுக்கு நீங்களே போங்கள். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். ஒட்டுப்போட வராதீர்கள், கெட்டதை அறுத்துவிட வாருங்கள். மூன்றாவது, உரிமம் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் குற்றம், உரிமம் இல்லாத பட்டறையில் பழுது பார்ப்பதும் குற்றம். வாள்களை ஏர்க்கொழுவாக அடிக்கும் நாளைக் கனவு கண்டார் இறைவாக்கினர் எசாயா. அந்த நாளை நம் பரணிலிருந்து தொடங்குவோம். ஆமென்.